தன் நிலத்துக்குத் தானே வில்லங்கம் வைப்பாரா ஒருவர்?

கேள்வி: என் மகன் அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்தில் வேலை பார்க்கிறான். பின்னாளில் அங்கே போய் இருக்கலாம் என்று ஊருக்கு வெளியே 60 ஏக்கர் நிலம் பார்த்து வைத்திருக்கிறான். அக்கம்பக்கத்து நிலங்களைவிட விலை நன்றாகக் குறைவு. ஏன் என்று கேட்டால் அதன்மேல் 'கன்சர்வேஷன் ஈஸ்மென்ட்' இருக்கிறதாம். துண்டு போட்டு விற்க முடியாது, ஒரு வீட்டுக்கு மேல் கட்ட முடியாது, இந்தக் கட்டுப்பாடு காலாகாலத்துக்கும் உண்டு என்கிறான். இப்போதைய சொந்தக்காரரே மனமொப்பி எழுதிக் கொடுத்ததாம். எனக்கு இரண்டு சந்தேகம். இது அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கொள்ளும் வேலைதானே? இல்லை, இரண்டு பேர் பேசி எழுதிக்கொண்ட ஒப்பந்தம் என்றால், அதற்கென்று மாநிலம் தனிச் சட்டம் போட்டிருக்கிறதாமே, அது எதற்கு?

— வாசகி ஒருவர், பொள்ளாச்சி

பதில்: அம்மா, உங்கள் முதல் சந்தேகம் எல்லோருக்கும் வருவது. இரண்டாவது, சட்டம் படித்தவர்களே கேட்காமல் தாண்டிப் போய்விடுவது. அதில்தான் சுவாரசியமே இருக்கிறது. ஆனாலும் முதலாவதை முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

நிலம் இன்னும் அதன் சொந்தக்காரருடையதுதான். அரசு எடுக்கவில்லை, அறக்கட்டளைக்குத் தானமாகவும் போகவில்லை. அவர் அதை விற்கலாம், அடமானம் வைக்கலாம், பிள்ளைகளுக்கு உயில் எழுதலாம், மாடு மேய்க்கலாம், பயிர் வைக்கலாம். ஊரார் உள்ளே வந்து உலாவும் பூங்காவாகவும் அது ஆகிவிடாது. பொதுமக்கள் பொழுதுபோக்குக்கென்றே எழுதிக் கொடுத்திருந்தால் ஒழிய, வேலியும் வாசலும் அவர் கையில்தான்.

அப்படியானால் கொடுத்தது எதை? நம் பழைய கிரயப் பத்திரங்களில் நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம் என்று தொடங்கி ஆகாமி, சித்தம், சாத்தியம் என்று முடியும் ஒரு வரி வரும், பார்த்திருப்பீர்கள். அஷ்டபோகம் என்பார்கள். நில உரிமை என்பது ஒரே கட்டியான பொருளாக இல்லாமல் பல அனுபவங்களின் தொகுப்பாக இருப்பது அந்த வரியில் தெரியும். அமெரிக்கச் சட்டமும் உரிமையை அப்படித்தான் பார்க்கிறது. அந்தத் தொகுப்பிலிருந்து ஒன்றிரண்டை மட்டும், அதாவது மனைகளாகப் பிரிக்கும் உரிமை, கட்டடங்களை அடுக்கும் உரிமை, சுரங்கம் தோண்டும் உரிமை போன்றவற்றைச் சொந்தக்காரர் விட்டுக்கொடுக்கிறார். வாங்கிக்கொள்கிற அமைப்பு அந்த உரிமையைப் பயன்படுத்தாது. அங்கே யாரும் அதைப் பயன்படுத்தாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கும் நம் ஊர்க்காரர் கண்ணுக்கு, தன் சொத்துக்குத் தானே வில்லங்கம் வைத்துக்கொண்ட ஒரு வினோதமான மனிதர் தெரிவார்.

இப்போது இரண்டாவது கேள்வி. மனமொப்பி எழுதிக் கொடுத்தால் போதாதா, சட்டம் எதற்கு?

ஒப்பந்தம் கையெழுத்துப் போட்டவரைத்தான் கட்டும். இன்றைக்கு ஒருவர் "இங்கே காலனி கட்ட மாட்டேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு நாளைக்கு நிலத்தை விற்றால், வாங்கியவர் "அது அவர் கொடுத்த வாக்கு, என்னுடையது இல்லை" என்று சொல்லிவிடலாம். ஆக, வாக்கு ஆளோடு போகாமல் நிலத்தோடு ஓட வேண்டும். நிலத்தோடு ஓடும் உரிமைக்கு உங்கள் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. தோப்புக்குப் போக அடுத்தவர் வரப்பு வழியாக இருக்கும் வண்டித்தடம். பத்திரத்தில் 'மாமூல் வழிநடைப் பாத்தியம்' என்று எழுதியிருக்கும். தோப்பு பத்துக் கை மாறினாலும் தடம் இருக்கும். இதுதான் ஈஸ்மென்ட், தமிழில் வசதியுரிமை. தன் நிலத்தை ஒழுங்காக அனுபவிப்பதற்காக அடுத்தவர் நிலத்தின்மேல் ஒருவருக்கு உள்ள பாத்தியம்.

அந்த விளக்கத்தில் இரண்டு நிலங்கள் இருப்பதைக் கவனியுங்கள். வசதி பெறும் நிலம் ஒன்று, வசதி கொடுக்கும் நிலம் இன்னொன்று. இங்கிலாந்தின் பொதுச் சட்டம், அதாவது ஏட்டில் இயற்றாமல் நீதிமன்றத் தீர்ப்புகளால் வளர்ந்த சட்டம், இந்த இரண்டும் இருந்தே ஆக வேண்டும் என்றது. அமெரிக்க மாநிலங்களின் நிலச் சட்டம் அந்த வேரிலிருந்துதான் முளைத்தது. ஒரு நில அறக்கட்டளை ரிச்மண்ட் நகரில் ஒரு வாடகை அறையில் இருக்கலாம். உங்கள் மகன் பார்த்த நிலத்துக்குப் பக்கத்தில் அதற்கு ஒரு சென்ட் நிலம்கூட இருக்காது. வசதி பெறும் நிலமே இல்லாமல், ஓர் ஆளிடமோ அமைப்பிடமோ தனித்து நிற்கும் இப்படிப்பட்ட பாத்தியத்தைப் பழைய நீதிபதிகள் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். கைமாற்றவும் எளிதில் விடவில்லை.

அடுத்த தடை இதைவிடப் பெரியது. வண்டித்தடம் என்பது ஒன்றைச் செய்ய அனுமதிப்பது. "கட்டாதே" என்பது ஒன்றைச் செய்யவிடாமல் தடுப்பது. இந்த இரண்டாவது வகையில் இங்கிலாந்து நீதிமன்றங்கள் நான்கைத்தான் ஏற்றன: வெளிச்சம், காற்று, கட்டடத்துக்கு மண்ணின் தாங்கல், வெட்டிய கால்வாயில் வரும் தண்ணீர். அழகான காட்சியை மறைக்காதே, காட்டை அழிக்காதே என்பதெல்லாம் பட்டியலில் கிடையாது. இந்தக் கஞ்சத்தனத்துக்குக் காரணம் இருந்தது. வண்டித்தடம் கண்ணுக்குத் தெரியும், சக்கரம் பதிந்திருக்கும். கட்ட மாட்டேன் என்று எவரோ எப்போதோ கொடுத்த வாக்கு நிலத்தில் எந்த அடையாளமும் வைக்காது. பத்திரப்பதிவு ஒழுங்காக இல்லாத காலத்தில், வாங்குபவர் பணத்தைக் கொடுத்த பிறகுதான் அதைக் கண்டுபிடிப்பார். இதோடு, செத்துப்போனவர் சொல் உயிரோடு இருப்பவரின் நிலத்தை எந்தக் காலத்துக்கும் கட்டிப்போடக் கூடாது என்ற அச்சமும் அவர்களுக்கு இருந்தது. நியாயமான அச்சம்தான் என்பது என் எண்ணம். இன்றும் அது முழுக்கத் தீர்ந்துவிடவில்லை.

ஆக, மாநிலச் சட்டம் வந்தது சொந்தக்காரரின் கையைக் கட்டுவதற்கு இல்லை. தன் கையைத் தானே கட்டிக்கொள்ள அவர் விரும்பினாலும் பழைய சட்டம் விடவில்லை. அந்தத் தடையை நீக்கத்தான் புதுச் சட்டம். மத்திய அரசு செய்யாமல் மாநிலங்கள் செய்ததற்கும் காரணம் எளிது: அமெரிக்காவில் சொத்துச் சட்டம் மாநிலங்களின் கையில் இருக்கிறது.

மாசசூசெட்ஸ் 1956-இலும் கலிபோர்னியா 1959-இலும் தொடங்கி வைத்தன. போருக்குப் பிறகு நகரங்கள் பண்ணைகளைத் தின்றுகொண்டிருந்த காலம் அது. வில்லியம் எச். வைட் என்ற பத்திரிகையாளர் 1959-இல் ஒரு சிறு நூல் எழுதி, நிலத்தை முழுசாக வாங்காமல் கட்டும் உரிமையை மட்டும் வாங்கினால் போதுமே என்று வாதாடினார். 'கன்சர்வேஷன் ஈஸ்மென்ட்' என்ற பெயரைப் பரப்பியவர் அவர்தான். 1981-இல், மாநிலங்களுக்கு மாதிரிச் சட்டங்கள் எழுதித் தரும் ஆணையம் இதற்கும் ஒரு மாதிரி தயாரித்தது. 20-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதைத் தழுவிச் சட்டம் செய்தன. அந்த மாதிரியைப் படித்தால் சிரிப்பு வரும். பக்கத்தில் நிலம் இல்லாவிட்டாலும் செல்லும், கைமாறினாலும் செல்லும், பொதுச் சட்டம் ஏற்காத வகையாக இருந்தாலும் செல்லும், 'செய்யாதே' வகையாக இருந்தாலும் செல்லும் என்று பழைய ஆட்சேபங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெளியே அனுப்புகிறது.

கதவைத் திறந்தவர்கள் காவலும் போட்டார்கள். இந்த உரிமையை அரசு அமைப்போ, இயற்கைப் பாதுகாப்புக்கென உள்ள அறக்கட்டளையோதான் வைத்திருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் பொறாமையில் வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. காலவரம்பு எழுதாவிட்டால் என்றென்றைக்கும் என்று பொருள். வாங்குபவர் ஏமாறாதபடி பதிவும் ஆக வேண்டும்.

உங்கள் மகனின் மாநிலம் இதில் பழைய கை. வர்ஜீனியா 1966-லேயே திறந்தவெளி நிலச் சட்டம் போட்டு, அதே ஆண்டில் வர்ஜீனியா அவுட்டோர்ஸ் ஃபவுண்டேஷன் என்ற பொது அமைப்பையும் உண்டாக்கியது. இன்று அதன் பாதுகாப்பில் 8 லட்சம் ஏக்கருக்கு மேல் தனியார் நிலம் இருக்கிறது. தனியார் அறக்கட்டளைகளுக்கு வழி திறந்தது 1988-ஆம் ஆண்டுச் சட்டம். மாதிரியை அப்படியே நகலெடுக்காமல் வர்ஜீனியா தன் புத்தியையும் கொஞ்சம் சேர்த்தது. உரிமையை வாங்கும் அறக்கட்டளைக்கு மாநிலத்துக்குள் குறைந்தது ஐந்தாண்டாகத் தலைமை அலுவலகம் இருந்திருக்க வேண்டும், அல்லது அது ஐந்தாண்டாவது இயங்கிவந்த, மாநிலத்தில் அலுவலகம் உள்ள தேசிய அமைப்பாக இருக்க வேண்டும். நேற்று முளைத்து நாளை காணாமல் போகும் அமைப்பிடம் நூறாண்டுப் பொறுப்பைக் கொடுப்பானேன்? அந்தந்த வட்டாரத்தின் மாஸ்டர் பிளானோடு ஒப்பந்தம் ஒத்துப்போக வேண்டும் என்றும் வைத்தார்கள்.

சட்டம் தெளிவாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த மாநிலத்திலேயே ஒரு வழக்கு உண்டு. லூயிசா கவுண்டியில் கிரீன் ஸ்பிரிங்ஸ் என்ற பழைமையான பண்ணைப் பகுதி. அங்கே ஒரு பண்ணையார் 1973-இல் தன் பழைய மாளிகையின் தோற்றத்தைக் கெடுக்க மாட்டேன் என்று ஓர் உள்ளூர் அமைப்புக்கு உரிமை எழுதிக் கொடுத்தார். அது பின்னர் மத்திய அரசின் தேசியப் பூங்காத் துறைக்குப் போனது. 2002-இல் பண்ணையை வாங்கியவர் வீட்டை மாற்றிக் கட்ட நினைத்தார். துறை அனுமதி தரவில்லை. அவர் முன்வராந்தாவையே பெயர்த்துவிட்டார். நீதிமன்றத்தில் அவர் வைத்த வாதம்தான் உங்கள் கேள்வியின் மறுபக்கம்: 1988 சட்டத்துக்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே எழுதிய பத்திரம் இது, அன்றைக்கு வர்ஜீனியாவில் இப்படி ஓர் உரிமையே கிடையாது, எனவே செல்லாது! வர்ஜீனியா உச்ச நீதிமன்றம் 2005-இல் செல்லும் என்றது. அதற்கு ஆதாரம் தேட, தனித்து நிற்கும் உரிமைகளைக் கைமாற்ற அனுமதித்த 1962-ஆம் ஆண்டுத் திருத்தம்வரை அது போக வேண்டியிருந்தது. ஒரு வராந்தாவுக்காக நாற்பதாண்டுச் சட்ட வரலாற்றைப் புரட்டினார்கள்.

மாநிலச் சட்டத்தில் ஒரு சொல் மாறினால் பணமும் மாறும். நார்த் டகோட்டா மாநிலம் எந்த வசதியுரிமையும் 99 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. மத்திய வருமானவரிச் சட்டமோ, நிரந்தரமாக எழுதிக் கொடுத்தால்தான் வரிச்சலுகை என்கிறது. 99 ஆண்டு நிரந்தரம் ஆகாது என்று வரி நீதிமன்றம் 2014-இல் தீர்த்துவிட்டது. வர்ஜீனியாக்காரருக்குக் கிடைக்கும் சலுகை, நார்த் டகோட்டாக்காரர் எவ்வளவு நல்ல மனசோடு எழுதிக் கொடுத்தாலும் கிடைக்காது.

சலுகை என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். அந்தச் சொந்தக்காரர் ஏன் எழுதிக் கொடுத்தார் என்பதற்குப் பாதி விடை அதில் இருக்கிறது. மீதிப் பாதி மண்ணின் மேலுள்ள பாசம்; தான் உழுத நிலத்தில் வரிசை வீடுகள் எழுவதைப் பார்க்கப் பிடிக்காதவர்கள் எங்கும் உண்டு. கணக்கு எளிது. கட்டுப்பாட்டுக்கு முன் நிலத்தின் மதிப்பு 10 லட்சம் டாலர், பின் 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அவர் கொடுத்த நன்கொடை 4 லட்சம். வர்ஜீனியா அதில் 40 விழுக்காட்டை, இங்கே 1.6 லட்சம் டாலரை, வரி வரவாகத் தருகிறது. வருமானத்தில் கழிப்பது கழிவு. கட்ட வேண்டிய வரியிலேயே நேராகக் கழிப்பது வரவு. இந்த வரவை ஆண்டுக்கு இவ்வளவுதான் பயன்படுத்தலாம் என்று வரம்பு உண்டு. ஆனால் வேறொருவருக்கு விற்றுவிடலாம். வருமானம் குறைந்த குடியானவருக்குப் பெரிய உதவி அதுதான். மாநிலத்திடமிருந்து வரவாகப் பெற்றதைக் கழித்துக்கொண்டு, மீதி 2.4 லட்சத்துக்கு மத்திய அரசின் வருமானக் கழிவும் கேட்கலாம்.

பணம் புழங்கும் இடத்தில் கெட்டிக்காரர்களும் வருவார்கள், வந்தார்கள். பல முதலீட்டாளர்கள் கூட்டாகச் சேர்ந்து மலிவாக நிலம் வாங்கி, அதன் மதிப்பைப் பல மடங்கு ஏற்றிக் காட்டி, ஈஸ்மென்ட் எழுதிக் கொடுத்து, போட்ட காசுக்கு மேல் வரிச்சலுகை எடுத்தார்கள். 2022 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம், இப்படிப்பட்ட கூட்டு ஏற்பாடுகளில் முதலீட்டைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் கழிவு கேட்டால் முழுக் கழிவும் போய்விடும் என்று சட்டம் செய்தது. வர்ஜீனியா முன்பே விழித்துக்கொண்டு, 10 லட்சம் டாலர் அல்லது அதற்கு மேல் வரவு கேட்டால் அந்த நிலத்தில் பாதுகாக்க உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா என்று மாநிலத் துறை சரிபார்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறது.

'காலாகாலத்துக்கும்' என்பது உண்மையிலேயே அப்படித்தானா என்று அடுத்து கேட்பீர்கள். பெரும்பாலும் ஆம். வர்ஜீனியாவின் 1966 சட்டப்படி, திறந்தவெளி நிலத்தை வேறு வேலைக்குத் திருப்ப வேண்டுமானால் அது வட்டாரத்தின் ஒழுங்கான வளர்ச்சிக்கு இன்றியமையாதது என்று காட்ட வேண்டும். மாஸ்டர் பிளானுக்கு ஒத்திருக்க வேண்டும். ஈடான மாற்று நிலமும் கொடுக்க வேண்டும். அட்லாண்டிக் கோஸ்ட் பைப்லைன் என்ற எரிவாயுக் குழாய்த் திட்டம் இப்படிப்பட்ட நிலங்களைக் கடக்க வேண்டிவந்தபோது இந்த மாற்று நிலப் பேச்சு பெரிய விவாதமானது. கடைசியில் 2020 ஜூலையில் திட்டமே கைவிடப்பட்டது.

நிரந்தரத்தைக் காப்பது சட்டப்பிரிவு மட்டும் இல்லை, பத்திரத்தின் வாசகமும்தான். உங்கள் மகன் இருக்கும் மாநிலத்தின் லவுடன் கவுண்டியில், ஈஸ்மென்ட் உள்ள நிலத்தை வாங்கிய ஒரு நிறுவனம் அங்கே ஒயின் ஆலையும் பாலாடைக்கட்டி செய்யும் கூடமும் ரொட்டிக் கூடமும் சுவைத்துப் பார்க்கும் அறையும் ஒரே கட்டடத்தில் கட்டத் தொடங்கியது. வணிகம் கூடாது, விவசாயம் கூடும் என்பது பத்திரம். திராட்சையைப் பிழிந்து வரும் கூட்டத்துக்கு ஊற்றிக் கொடுப்பது விவசாயமா, வணிகமா? 2016-இல் மாநில உச்ச நீதிமன்றம், வாசகம் தெளிவாக இல்லாத இடத்தில் நிலத்தைச் சுதந்திரமாகப் பயன்படுத்துவதற்குச் சாதகமாகவே படிக்க வேண்டும் என்று நிறுவனத்தின் பக்கம் தீர்த்தது. பழைய பொதுச் சட்டத்தை முன்வாசல் வழியே அனுப்பினார்கள், அது கொல்லைப்புறமாக வந்து உட்கார்ந்துகொண்டது.

நம் ஊரில் இது முடியுமா என்றும் உங்களுக்குத் தோன்றியிருக்கும். நம் ஈஸ்மென்ட் சட்டம் 1882-ஆம் ஆண்டினுடையது. முதலில் நடைமுறைக்கு வந்த பகுதிகளில் சென்னை மாகாணமும் ஒன்று. அது இன்றும் வசதி பெறும் நிலம் ஒன்றைக் கேட்கிறது. அமெரிக்கா செய்ததுபோல் அந்தத் தடையை நீக்கும் சட்டம் நம்மிடம் இல்லை. கொஞ்சம் நெருங்கி வருவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 'சமூகக் காப்பகம்'. தனியாரோ ஊராரோ தாமாக முன்வந்தால் அவர்கள் நிலத்தை மாநில அரசு அப்படி அறிவிக்கலாம். ஆனால் அது அரசின் அறிவிப்பில் நிற்பது. இருவர் எழுதிக்கொள்ளும் பத்திரம் ஆகாது.

கடைசியாக உங்கள் மகனுக்கு. வரிச்சலுகை எல்லாம் எழுதிக் கொடுத்தவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வாங்குகிறவருக்கு அதில் ஒரு டாலரும் கிடையாது. அவருக்குக் கிடைப்பது குறைந்த விலை மட்டும்தான். விற்கும்போதும் அதே குறைந்த விலைதான் கிடைக்கும் என்பதை இப்போதே மனசில் வைத்துக்கொள்ளட்டும். சர்க்யூட் கோர்ட் கிளார்க் அலுவலகத்தில் பதிவான ஈஸ்மென்ட் பத்திரத்தின் நகலை வாங்கச் சொல்லுங்கள். வீடு எந்த இடத்தில், எத்தனை சதுர அடியில் கட்டலாம், பண்ணைக் கட்டடம் என்றால் எதுவரை, மரம் வெட்டலாமா, நிலத்தின் எத்தனை துண்டுக்கு அனுமதி என்பதெல்லாம் அதில் எழுத்துக்கு எழுத்து இருக்கும். கூடவே, உரிமை எழுதிக் கொடுத்த நாளில் நிலம் இருந்த நிலையைப் படங்களோடும் வரைபடத்தோடும் பதிவு செய்த அறிக்கை ஒன்று அறக்கட்டளையிடம் இருக்கும். அதையும் கேட்கட்டும். ஆண்டுதோறும் அவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவது அந்த அறிக்கையோடு ஒப்பிட்டுத்தான். முன்பு இருந்த சொந்தக்காரர் அத்துமீறி ஒரு கொட்டகை போட்டிருந்தால், அதை அகற்றும் பொறுப்பு புதிதாக வாங்கியவர் தலையில் விழும். ஈஸ்மென்ட்டுக்கு முந்தைய வங்கி அடமானம் எதுவும் நிலுவையில் இருந்தால், வங்கி தன் உரிமையைப் பின்னுக்குத் தள்ளி ஒப்புதல் கொடுத்திருக்கிறதா என்று அங்குள்ள சொத்து வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிக் கேட்கட்டும். இத்தனையும் பார்த்த பிறகு முன்பணம் கொடுத்தால் போதும், அம்மா. 60 ஏக்கர் எங்கும் ஓடிவிடாது.